இதோ வர்றேன், எல்ஸ்பா

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப்புத்தகத்தின் மீது கைவைத்தே சொல்லலாம். எங்கள் ஊர் ஆலயத்துப் புத்தகத்தில் ஆதியாகமத்திலிருந்து சாமுவேல் வரைக்கும் ஒரு கிடா தின்றுவிட்டதால், மிச்சத்தின் மீது.

ஃபேரோ தீவுகளில் ஒரு போதகருக்கு ஏழு ஊர். எங்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் படகேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் யாராவது ஒருவர் பிரசங்கப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். அந்த யாராவது, எழுபத்தொரு வயது மோர்த்தன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. கேட்க வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் தூக்கத்தில். "ஆண்டவர் கூப்பிட்டால் 'இதோ' என்று சொல்லி உட்கார்ந்திருக்காதே, எழுந்திரு" என்று வாசித்த மோர்த்தன், அதே வரியை மறுபடியும் வாசித்தார். இடம் தவறியதுபோலச் சமாளித்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். எல்ஸ்பா ஐம்பது வருஷம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஐம்பது வருஷமும் அவர் "இதோ வர்றேன்" என்று சொல்லி அரைமணி கழித்துத்தான் போனார். கடைசியாகக் கூப்பிட்டபோது படகுக் கொட்டகையில் தூண்டில் நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "இதோ வர்றேன்" என்றார். முடிச்சு நன்றாக விழுந்தது. போய்ப் பார்த்தபோது மேசையில் காபி இன்னும் சூடாகத்தான் இருந்தது. எல்ஸ்பா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். திட்டவில்லை. அதில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

அவள் போன இந்த இரண்டு வருஷமாக வீட்டில் ரேடியோவுக்கு ஓய்வே கிடையாது. வானிலை, மீன் பிடிப்பு, மரண அறிவிப்பு, எதுவானாலும் சரி, மனிதக் குரலாக இருந்தால் போதும். அன்று மட்டும், பிரசங்கம் வாசித்த கையோடு, அதை அணைத்தார். உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மோர்த்தன்!"

குரல் மேலேயிருந்து வந்தது. ஆண்டவருக்கு எல்ஸ்பாவின் குரல் இருந்ததில் அவருக்கு வியப்பில்லை. அவரை அதட்டிப் பழகிய குரல் உலகில் அது ஒன்றுதானே.

காலுறையோடு வெளியே பாய்ந்தார். எதற்காக அழைப்பு என்று தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். பக்கத்து வீட்டு டான்யலின் ஆட்டு வேலிப் படல் திறந்து கிடந்தது. ஓடிப் போய்ச் சாத்தினார். மனசு நிறைந்தது.

மூன்று நாள் மூடுபனிக்குப் பிறகு மலை தெரிந்ததால், டான்யல் ஞாயிறென்றும் பாராமல் அந்தப் படலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தான். வந்த ஆடுகள் படல் சாத்தியிருப்பதைப் பார்த்து, அடுத்த வீட்டுக்காரி பில்லாவின் முள்ளங்கித் தோட்டத்துக்குத் திரும்பின.

மோர்த்தன் அடுப்படிக்கு வந்து மூடியைத் தூக்கும்போதே,

"மோர்த்தன்!"

மூடியோடு ஓடினார்.

"யோவ், படலைச் சாத்தினது யாருய்யா?" மலைச்சரிவிலிருந்து டான்யல் கத்தினான்.

"ஆண்டவர்!"

"ஆண்டவருக்கு எங்கிட்ட என்னய்யா பகை?"

மோர்த்தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக் கழற்றி வீசி வீசி, பில்லாவின் தோட்டத்திலிருந்து ஆடுகளை விரட்டினார். அவையும் மரியாதையாக வெளியே வந்து, எதிரே திறந்திருந்த ஆலயத்துக்குள் நுழைந்தன. உருளைக்கிழங்கு நினைப்பில் காலையில் கதவைப் பூட்டாமல் வந்தவர் அவர்தான்.

துடைப்பம் எடுக்க வீட்டுக்கு ஓடினார். கையில் எடுத்தார்.

"மோர்த்தன்!"

இந்த முறை துடைப்பத்தோடு போவதற்குக்கூடத் தாமதிக்கவில்லை. அதைப் போட்டுவிட்டு ஓடினார். ஆலயத்தில் ஆடுகள் பெஞ்சுகளுக்கு நடுவே நின்றிருந்தன. காலையில் வந்த கூட்டத்தைவிட அதிகம், தூங்கியது ஒன்றுமில்லை. கிடா மட்டும் வாசிப்பு மேடையில் முன்னங்கால் வைத்து வேதப்புத்தகத்தை மேய்ந்துகொண்டிருந்தது.

டான்யல் வந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். பில்லா வந்தாள். புருஷனையும் இப்போது முள்ளங்கியையும் இழந்தவள்.

"உன் வீட்டு ஜன்னல்ல புகை வருது மோர்த்தன்."

கிழங்கு கரியாகியிருந்தது. பில்லா கதவையெல்லாம் திறந்துவிட்டு, தன் வீட்டிலிருந்து காபிக் கூஜாவைக் கொண்டுவந்தாள்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"கூப்பிட்டாரு. மூணு தடவை. வாழ்க்கையிலயே மொத தடவையா உடனே எந்திரிச்சேன்."

"எங்கருந்து கூப்பிட்டாரு?"

அவர் புகைபோக்கியைக் காட்டினார். பில்லா அவருக்குக் காபியை ஊற்றினாள்.

"அது புள்ளி மைனாய்யா. எல்ஸ்பா இருந்தப்பவே அவ குரலைக் கத்துக்கிட்டுது. போன வசந்தம் பூரா எனக்குக் கேட்டுச்சு. நீதான் ரேடியோவைக் கத்த விட்டுட்டு உட்கார்ந்திருந்தே."

"மைனாவா?"

"முழுசாக் கேட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். மொதல்ல அவ குரல்ல 'மோர்த்தன்'னும். அப்புறம் கொஞ்சம் விட்டு, உன் குரல்லயே 'இதோ வர்றேன், எல்ஸ்பா'ன்னும். நீ இன்னைக்கு மொதப் பாதியிலயே ஓடிட்டே."

பில்லா போன பிறகு மோர்த்தன் கரிப் பாத்திரத்தை இருட்டும்வரை தேய்த்தார். கை ரேடியோப் பக்கம் போயிற்று. திருப்பவில்லை. அவரை யாரும் அழைக்கவில்லை. ஒரு பறவை ஒப்பித்திருக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் அந்தப் பொய்க்குரலையாவது இன்னொரு முறை முழுதாகக் கேட்கவேண்டும் போலிருந்தது. தன் பதில் வெளியாளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிந்துகொள்ள.

மறுநாள் காலை வாசற்கல்லில் உட்கார்ந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"மோர்த்தன்!"

காலைத் தரையில் ஊன்றி, எழாமல் காத்திருந்தார். இரண்டாவது பாதி வரவில்லை. கடலிரைச்சல் மட்டும். கால்மணி நேரம் போயிற்று. கடைசியில், யாரும் சொல்லாததால், அவரே மெல்லச் சொன்னார்:

"வந்துட்டேன், எல்ஸ்பா."

சொல்லிவிட்டு எழுந்து நின்றார். போகத்தான் இடமில்லை.

டான்யல் தோளில் கயிற்றோடு அந்த வழியாக வந்தான்.

"அங்க என்னய்யா அண்ணாந்து பார்க்குற?"

"மைனாவை. பில்லா சொன்னா. மொதப் பாதி இப்பத்தான் சொல்லுச்சு. மிச்சத்துக்காக நிக்கிறேன்."

"இப்பவா சொல்லுச்சு?"

"இப்பத்தான்."

டான்யல் புகைபோக்கியைப் பார்த்தான். மோர்த்தனைப் பார்த்தான். கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"அதை ஜூலையில, ஒலாவ் திருவிழா அன்னைக்கே என் பூனை தின்னுடுச்சேய்யா. இறகை நான்தான் கூட்டி அள்ளினேன்."