நல்ல பழக்கம் பிடித்த ரைட் மாப்பிள்ளை

அவர் பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் சித்தி வீட்டுச் சமையலறையில். சித்தியின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் எங்கள் பெரிய மாமா, "பொண்ணைப் பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டாராம். அப்போதுதான் பஸ் கண்டக்டராக வேலையில் சேர்ந்திருந்த பையன், வாய்ப்பழக்கத்தில், "ரைட்!" என்று ஒரு சத்தம் போட்டானாம். மாமா, கிளம்புகிற பஸ்ஸில் நிற்கிறவர் மாதிரி, பக்கத்திலிருந்த நாற்காலியை எட்டிப் பிடித்துக்கொண்டாராம். சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்த அத்தை, "அடியே, நம்ம ரைட் மாப்பிள்ளை சம்மதிச்சுட்டார்!" என்றாள். அவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. இன்றைக்குத் தலை முழுக்க நரைத்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்று, பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிற வயதிலும் அவர் எங்களுக்கு ரைட் மாப்பிள்ளைதான்.

இவரைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு இனம். கெட்ட பழக்கம் பிடித்தவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. அவர்களால் வீட்டுக்கு மட்டும்தான் தொல்லை. நல்ல பழக்கம் பிடித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களால் தெருவுக்கே தொல்லை! கெட்ட பழக்கக்காரர் அதை ஒளித்துவைப்பார். நல்ல பழக்கக்காரர் ஒளிப்பாரா? நீங்கள் பால் வாங்கப் போனால் பால்கடையில் நிற்பார், பல் பிடுங்கப் போனால் பல் ஆஸ்பத்திரியில் நிற்பார், வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் உங்களிடம், "நீங்க நடக்கிறதில்லையா? அதான் பல்லு போச்சு" என்பார். பதில் சொல்ல முடியுமா உங்களால்? அதுதான் அவருக்கு வசதி.

மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் பிடித்த கதை ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிக்கிறது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "அடுத்த டெஸ்ட்லயும் இப்படியே இருந்தா தினம் காலையில ஊசிதான். வீட்லயே போட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

ஊசி! மாப்பிள்ளைக்கும் ஊசிக்கும் உள்ள பகை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். டிப்போவில் எல்லாருக்கும் தடுப்பூசி போட வந்த அன்று, நின்றிருந்த வண்டியில் ஏறி, கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு, கடைசி சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டவர் அவர். நர்ஸ் போன பிறகும் இறங்கவில்லை. அந்த வண்டியை எடுத்துக்கொண்டு டிரைவர் கிளம்பிவிட்டார். மூன்றாவது ஸ்டாப்பிங்கில் சீட்டுக்கு அடியிலிருந்து கண்டக்டர் வெளியே வந்ததைப் பார்த்து ஒரு பாட்டியம்மா மயங்கியே விழுந்தார்.

ஆகவே, நடப்பது என்று முடிவானது. "சாப்பாட்டுக்கு நடுவுல எதையாவது எடுத்து எடுத்து வாயில போட்டுக்கிறார் டாக்டர்" என்று அவர் மனைவியான என் தங்கச்சி போட்டுக்கொடுத்ததற்கு, பக்கத்தில் நின்ற நர்ஸ், "கை காலியா இருந்தா டப்பாவுக்குத்தான் போகும். கைக்கு ஒரு வேலை குடுங்க" என்று ஒரு யோசனை சொன்னாள். தங்கச்சி காலமெல்லாம் குரோஷே பின்னுகிறவள். கொக்கி வளைந்த ஊசி ஒன்றையும் ஒரு நூல் உருண்டையையும் அன்று சாயங்காலமே அவர் கையில் கொடுத்தாள். இந்த ஊசிக்கு அவர் பயப்படவில்லை. "முனை வளைஞ்சிருக்கு, நல்ல ஊசி" என்றார்.

காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு நல்ல பழக்கம் பிடித்தால் என்ன ஆகும்?

முதல் வாரம் அவர் கற்றுக்கொண்டார். இரண்டாம் வாரம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தங்கச்சி பின்னுவதை எட்டிப் பார்த்து, "கண்ணி லூசா விழுது பாரு, விரலை இப்படி வச்சுக்கணும்" என்றார். அவள் கையில் இருந்த ஊசி ஒரு கணம் நின்றது. அது எங்கே போய்க் குத்தியிருக்குமோ, நான் நடுவில் புகுந்து பேச்சை மாற்றினேன். பிறகு வீட்டில் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் சட்டை ஏறியது. டார்ச்சுக்கு உறை. தண்ணீர்க் குழாய்க்குக் குல்லா. நாற்காலிக் கால்களுக்கு நான்கு நான்காகக் காலுறை. அந்த நாற்காலியில் நம்பி உட்கார்ந்த பெரிய மாமாவின் மகன் வழவழப்பான தரையில் சறுக்கிக்கொண்டே போய் ஃபிரிட்ஜில் முட்டி நின்றான். "பாத்தீங்களா, சத்தமே வரலை!" என்று மாப்பிள்ளை பெருமைப்பட்டார்.

நடையோ இன்னும் அழகு. மற்றவர்கள் பூங்காவைச் சுற்றுவார்கள், மைதானத்தைச் சுற்றுவார்கள். இவருக்குத் தெரிந்த பாதை ஒன்றுதானே? வேலை பார்த்த காலம் முழுக்கப் போய் வந்த பஸ் ரூட்டிலேயே நடந்தார், வீட்டுப் பக்கத்து ஸ்டாப்பிங்கிலிருந்து டிப்போ வரைக்கும். தோளில் பழைய கண்டக்டர் தோல்பை. சில்லறை இருந்த இடத்தில் நூல் உருண்டை. மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு போர்வை பின்னித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் போர்வையை நடந்துகொண்டே பின்னினார். மேடு ஏறும்போது பல்லைக் கடித்துப் பின்னிய வரிசைகள் இறுகிக் கிடக்கும், இறக்கத்தில் பின்னியவை தொளதொளவென்று தொங்கும். அதை விரித்துப் பார்த்தால் எங்கள் ஊரின் மேடு பள்ளம் அத்தனையும் தெரியும்.

ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் நிற்பார். ஆள் இருக்கிறதோ இல்லையோ, நிற்பார். "ஸ்டாப்பிங்ல நிக்காம போறது பெரிய தப்புக்கா" என்பார் என்னிடம். நாலைந்து நாளில் ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். சந்தை ஸ்டாப்பிங்கில் தையல்காரர் ஏறிக்கொண்டார். ஏறிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொல்வது? நானும் ஒரு நாள் ஆசைப்பட்டுப் போனேன்.

"உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி இடம் இருக்கு!"

"ஏன் மாப்பிள்ளை, நடுத்தெருவுல ஏது உள்ள?" என்றேன்.

"பின்னாடி கூட்டம் சேருதுக்கா. தையல்காரரே, ஓரத்துல தொங்காதீங்க!"

"நான் எங்கேங்க தொங்கறேன்? சாக்கடை ஓரமா நடக்கிறேன்!"

"அதான் சொல்றேன். அக்கா, மூச்சை மூக்குல விடுங்க. வாயில விட்டா பலன் இல்ல."

"மூச்சு வர்றதே பெருசு. எந்த வழியா வந்தா என்ன?"

தபாலாபீஸ் ஸ்டாப்பிங்கில் என் முழங்கால் இறங்கிக்கொண்டது. நானும் அதோடு இறங்கிக்கொண்டேன். தையல்காரருக்குக் கடை திறக்கிற நேரம், அவரும் அடுத்த ஸ்டாப்பிங்கோடு சரி. அதற்கப்புறம் டிப்போ வரைக்கும் மாப்பிள்ளை தனியாகத்தான் போவார். அங்கிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கும் இலவசப் பாஸில் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நின்று வருகிறவர்களிடமெல்லாம் நடப்பதன் அருமையைச் சொல்லிக்கொண்டே வீடு திரும்புவார். வரும்போது முகத்தில் அப்படி ஒரு களை. உடற்பயிற்சியின் பலன் என்று நாங்கள் நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்? மனுஷன் வீட்டில் ஒரு பிஸ்கட்டைத் தொடவில்லை. தங்கச்சி டப்பாக்களை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள், பிறகு பூட்டையே எடுத்துவிட்டாள். கை எப்போதும் நூலில் இருந்தது.

அடுத்த பரிசோதனைக்குத் தங்கச்சியோடு நானும் கூடப் போனேன். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். காத்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் முழங்காலை எப்படி மடக்குவது என்று பாடம் நடந்தது. காலில் கட்டுப்போட்ட ஒருவரைக்கூட விடவில்லை.

உள்ளே டாக்டரம்மா தாளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"கூடியிருக்கே!"

"என்ன கூடியிருக்கு, பலமா?" என்றார் மாப்பிள்ளை.

"சர்க்கரை. போன தடவையைவிட ஏறியிருக்கு. நடக்கிறேன்னீங்க?"

மாப்பிள்ளையின் முகம் டிப்போவில் சீட்டுக்கு அடியில் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். கண் மேஜைமேல் இருந்த ஊசித் தட்டுக்குப் போனது, கதவுக்குப் போனது, திரும்பவும் தட்டுக்கு வந்தது.

"உங்க மெஷின் தப்பு டாக்டர். நான் நடக்கலைன்னா இது எப்படி வந்தது?" என்று தோல்பையைத் திறந்து, போர்வையை உருவி, டாக்டரம்மாவின் மேஜைமேல் விரித்தார். "பாருங்க, ஒவ்வொரு வரிசையும் ஒரு தெரு! இது சந்தை மேடு. இது தபாலாபீஸ். இது டிப்போ."

டிப்போ லேசாக அசைந்தது.

நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். டிப்போவிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, தபாலாபீஸைத் தாண்டி, சந்தை மேட்டில் ஏறி, வரிசை குலையாமல் டாக்டரம்மாவின் மேஜைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எறும்புகள். அவையும் காலை நடைக்குக் கிளம்பியிருந்தன. எந்த ஸ்டாப்பிங்கிலும் நிற்காமல் போயின, அது ஒன்றுதான் வித்தியாசம்.

என் தங்கச்சி பையைப் பிடுங்கினாள். தோல்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். நூல் உருண்டை விழுந்தது. அதன் பின்னால், பாதி கடித்த ஒரு கிரீம் பன் விழுந்தது.

"இது என்னங்க?"

"அது... டிரிப் முடிஞ்ச டீ."

"டீயா? பல்லு பட்டிருக்கு!"

"டீக்கு ஒரு பன்னு. டிப்போ எதிர்ல பேக்கரியில. அந்தக் காலத்துலேர்ந்து டிரிப் முடிஞ்சா டீ, டீன்னா பன்னு. பேக்கரிக்காரர் எனக்குன்னு தனியா எடுத்து வச்சிருவார். அது சாப்பாட்டுக் கணக்குல வராதும்மா. டூட்டி!"

"ஒண்ணா?"

"உக்காந்து தின்னது ஒண்ணு. இது பஸ்ல வர்றதுக்கு."

கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. அங்கேதான் இந்த இனத்தின் அழகு. ஊரில் யார் எதைத் தின்றாலும் கண்ணில் படும், தன் கையில் இருப்பது மட்டும் வேறு இலாகா. தினம் இவ்வளவு தூரம் நடந்து போய், அதை விடப் பெரிதாக ஒன்றைத் தின்றுவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர், உண்மையாகவே மெஷின்மேல்தான் சந்தேகப்பட்டார்.

டாக்டரம்மா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. நர்ஸ் முதலிலேயே வெளியே ஓடிவிட்டாள். என் தங்கச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. "பேரப்பிள்ளையைத் தூக்கி வச்சுக்கணும்னு ஆசை இருக்கா இல்லையா உங்களுக்கு?" என்றாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எறும்புகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

"ஒரே ஒரு டெஸ்ட் வரைக்கும் விடறேன். அதுக்கப்புறம் ஊசிதான்" என்றார் டாக்டரம்மா.

வீடு வரும் வழியில் பஸ்ஸில் தங்கச்சி யோசித்துக்கொண்டே வந்தாள். டிரிப் முடிந்தால் டீ என்கிற சட்டத்தை யாராலும் மாற்ற முடியாது, அது எங்களுக்குத் தெரியும். இறங்குகிற நேரத்தில் சொன்னாள்: "அக்கா, இவரை மாத்த முடியாது. ரூட்டைத் திருப்பிடறேன்."

திருப்பினாள். மறுநாள் விடிகிற நேரத்து முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் டிப்போவுக்குப் போனார்கள். நடக்கப் போவதற்குப் பஸ்ஸில் போகிறார்களே என்று டிரைவர் சிரித்திருப்பார், சிரிக்கட்டும். அந்த நேரத்தில் பேக்கரியின் ஷட்டர் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை அதை ஒரு பார்வை பார்த்தாராம், வழியனுப்ப வந்த சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி. "ரைட்!" என்றாள் தங்கச்சி. நடந்தார்கள். எல்லா ஸ்டாப்பிங்கிலும் முறைப்படி நின்றார்கள், சந்தையில் தையல்காரரை ஏற்றிக்கொண்டார்கள். டிரிப் முடிந்த இடம் எது? சொந்த வீட்டு வாசல். டிரிப் முடிந்தால் டீ. அவள் போட்ட டீ.

பேக்கரிக்காரர் கொஞ்ச நாள் பன்னை எடுத்து வைத்துக் காத்திருந்து, பிறகு டிப்போவில் புதிதாய்ச் சேர்ந்த கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டாராம். சர்க்கரை இறங்கியது. ஊசித் தட்டு இன்னும் மாப்பிள்ளை பக்கம் நகரவில்லை. போர்வையை இரண்டு முறை வெந்நீரில் அலசி, பேரனுக்குப் போர்த்தியாயிற்று. சந்தை மேடு அவன் வயிற்றில் வருகிறது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கு ஏதாவது நல்ல பழக்கம் பிடித்திருக்கிறதா? அதைப் பற்றி இந்த வாரம் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? அது போகட்டும். ஒரு கையில் இதைப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த இன்னொரு கை இப்போது எந்த டப்பாவுக்குள் இருக்கிறது? நான் யாரிடமும் சொல்லவில்லை. எறும்பு வரும்வரை பயமில்லை.

ரைட் மாப்பிள்ளை இப்போது தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டு, சர்க்கரை போடாத டீக்குக் காத்திருக்கிறார்.