காளை மேல் ஒரு பெண்

சிவகாசி வட்டாரத்தில் சாமிகளுக்கு அடையாள அட்டை வழங்கும் அதிகாரம் ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. திருத்தங்கலில் நான் லோடு ஏற்றிக்கொண்டிருந்த காலண்டர் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் ‘வாகனம்’ அண்ணாச்சி.

மிஷினிலிருந்து வரும் சாமி படங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. முகத்தைப் பார்க்கவே மாட்டார். “வரையிற ஆளு ஒருத்தன். எல்லாச் சாமிக்கும் அவன் பொண்டாட்டி மூஞ்சியத்தான் வைப்பான். கீள என்ன வாகனம்னு பாருலே” என்பார். ஒருமுறை முருகன் படத்தில் மயிலின் தோகை குட்டையாகி, பார்க்கக் கோழி மாதிரி ஆகிவிட்டது. ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டார். கோழி கொடியில் இருக்கலாம், காலுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று முதலாளியிடமே வாதாடினார். மயிலுக்குத் தோகை வளர்ந்த பிறகுதான் மிஷின் ஓடியது.

நான் அப்போது காலண்டர் கட்டுகள் மேல்தான் படுப்பேன். காலையில் எழுந்தால் முதுகில் லட்சுமி ஒட்டியிருப்பாள். வேறு எந்த வழியிலும் அவள் என்னிடம் வந்ததில்லை.

அவரோடு லோடு வண்டியில் போவது தனிக் கதை. ஆமத்தூர் ரோட்டில் ஓர் எருமை நடுவே படுத்திருந்தது. ஹார்ன் பக்கம் போன டிரைவர் கையை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். “எமனே வண்டியை மறந்து விட்டுட்டுப் போயிருக்காரு. நீ ஞாபகப்படுத்துதியாலே?” எருமையாக மனம் வைத்து எழுந்து போகும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

பேக்கிங்கில் இருந்த பாக்கியத்தக்கா இருக்கன்குடி கோயில் வாசலில் பூ வாங்கியபோது சில்லறையோடு ஒரு காசு வந்தது. பத்து ரூபாய்க் காசு, எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்களே என்று திட்டிக்கொண்டே பார்த்திருக்கிறார். நிறம் மாறியிருந்தது. பத்து ரூபாயில் வெளியே மஞ்சள், நடுவே வெள்ளை. இதில் வெளியே வெள்ளை, நடுவே மஞ்சள். ஒரு பக்கம் ‘2 யூரோ’ என்று இங்கிலீஷில் இருந்தது. ஃபாரின் காசு என்பது வரை எனக்கே புரிந்தது. மறுபக்கம் ஒரு காளை, அதன் மேல் ஒரு பெண்.

அண்ணாச்சி ஒரே பார்வைதான் பார்த்தார். “காளை வாகனம். மகேஸ்வரி. ஏழு கன்னிமாருல ஒருத்தி.”

ஃபாரின்காரனே நம் சாமியைக் காசில் போட்டுவிட்டான் என்று கம்பெனி பூரித்தது. யாரோ சூடம் ஏற்றினார்கள். அக்காவின் மருமகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். சாமி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாம். அக்கா அந்த வீடியோவில் இருந்த நம்பருக்குப் பேசினார். பதிவு செய்ய முதலில் பணம் அனுப்பு என்றான் அந்த ஆள். மழைக்கு முன் ஓட்டைக் கூரைக்குத் தகரம் மாற்ற வைத்திருந்த தீபாவளி போனஸை அனுப்ப அக்கா தயாரானார்.

மறுநாள் மதியம் அண்ணாச்சி சாப்பிடவில்லை. படத்தில் மைப் புள்ளி பார்க்கும் லென்ஸை அந்தக் காசின் மேல் வைத்துக் குனிந்தே கிடந்தார். பிறகு பேக்கிங் நடுவே வந்து நின்றார்.

“பாக்கியம், பணம் அனுப்பாத. நேத்து நான் பாத்தது தப்பு.”

கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர் வாயில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

“மகேஸ்வரின்னீகளே அண்ணாச்சி. சூடமே ஏத்தியாச்சு” என்றார் அக்கா.

“வாகனம்னா சாமி சொல்ற பக்கம் போகணும். இங்கன மாடு போற பக்கம் அந்தப் பிள்ளை போகுது. கையில ஒரு ஆயுதம் இல்ல. இது வாகனம் இல்லம்மா, கடத்தல்.”

“அப்ப எங்க வீட்டுக் காலண்டர்ல இருக்கது சாமிதானா, அதுவும் கடத்தலா?” என்றார் அக்கா. பேக்கிங்கே சிரித்தது.

“சிரிங்க. முதல்ல தகரத்தை மாத்து” என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணாச்சி மிஷினுக்குப் போய்விட்டார். அக்காவும் பணத்தை அனுப்பவில்லை. அந்த ஐப்பசி மழை புதுத் தகரத்தின் மேல்தான் பெய்தது.

பிறகு நான் விருதுநகரில் பாய் ஒருவர் கடைக்கு மூட்டை தூக்கப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவர் மகனிடம், செல்போனில் அப்போதே எடுத்து வைத்திருந்த அந்தக் காசின் படத்தைக் காட்டினேன். கிரேக்க நாட்டுக் காசு, அங்கே டீக்கடையில் புழங்குவது, இங்கே மாற்றினால் இருநூறு ரூபாய் பக்கம் வரும் என்றார். அந்த ஊர்ச் சாமி ஒன்று காளை வேஷம் போட்டு, யூரோப்பா என்ற பெண்ணைக் கடல் தாண்டித் தூக்கிப்போன கதையாம்.

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி என்றேன். பெருமை அடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

“அந்தப் பிள்ளை கரை சேந்துச்சாலே?” என்று கேட்டார்.

சேர்ந்தாளாம், ராணியாகவும் ஆனாளாம் என்றேன். நல்லது என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது ஒரு லோடு வண்டி ஓட்டுகிறேன். ரோட்டில் எருமை படுத்திருந்தால் ஹார்ன் அடிப்பதில்லை.