ரெக்கோட் நானாவின் இறாக்கைகள்

எங்கள் கரையோரத்தில் யார் யாரோடு கோபம் என்பது ஆண்டவருக்கு அடுத்தபடியாக ரெக்கோட் நானாவுக்குத்தான் தெரியும்.

கல்பிட்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பழைய நோயாளர் கோப்புகளைக் காத்தவர் அவர். இலக்கப்படி அடுக்க வேண்டும் என்பது சட்டம். நானா இறாக்கைத் தட்டுகளில் குடும்பப்படி அடுக்கியிருந்தார். இலக்கத்தை மறந்து வரும் கரைத்தீவுப் பெண்ணிடம், "யாருட மகள்?" என்று மட்டும் கேட்பார். அடுத்த நிமிடம் வாப்பா, உம்மா, சாச்சி சகிதம் கோப்பு வெளியே வரும். புருசன் பெண்சாதி பிரிந்தால் கோப்புகளும் பிரியும், சமாதானமானால் சேரும். இரண்டாம் கலியாணம் செய்த மீன் முதலாளி ஒருவரின் மனைவியரை அறையின் இரு மூலைகளில் வைத்திருந்தார். முதலாளியின் கோப்பு ஒழுகும் ஜன்னலோரம். நனைந்தால் நனையட்டுமாம்.

இவற்றை ஸ்கேன் பண்ணிக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சிலாபத்திலிருந்து நான் போனேன். முதல் நாளே, யாருட மகள் என்றார். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப ஒங்கள எந்த இறாக்கையில வெக்கிற?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

எனக்கோ அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இலக்கப்படி அடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன். திரும்புவதற்குள் குடும்பங்கள் எல்லாம் மறுபடி ஒன்று சேர்ந்திருக்கும். நாய் வாலை நிமிர்த்தப் போன கதைதான்.

கடைசி இறாக்கையில் இரண்டு கோப்புகளைத் தரவே மாட்டேன் என்றார். ஸ்கேன் ஆனதும் தாள்களை எரித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பறிக்காத குறையாக வாங்கினேன். தடித்தது, சிறுநீரக நோயில் பல வருடம் கிடந்து இறந்த அவர் மனைவியுடையது. மற்றது ஒரே தாள், அவருடையது. வயிற்றுவலி என்று ஒரு நாள் அனுமதி. நோய் எதுவும் இல்லை. மனைவி போன மறுமாதத் திகதி.

"அவ மவுத்தான பொறகு பாத்தன், புள்ள. எங்களுக்கு மக்களும் இல்ல. இவ்வளவு சனத்துக்குள்ள அவட கோப்பு மட்டும் தனிய ஈக்குது. எனக்கு ஒரு தலயிடி கூட வந்ததில்ல, கோப்பும் இல்ல. அதான் பொய்க்கு ஒரு நாள் படுத்தன்."

கணினியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வழியில்லை. குறிப்புக் கட்டத்தில் ஒருவருக்கு மற்றவரின் இலக்கத்தை எழுதினேன். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டம் நானாவுக்கு வெறுமையாக இருந்தது. அதை நிரப்பாமல் நகரமாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டேன். அன்று நானா எனக்கு மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கித் தந்தார். அதுவரை தண்ணீர்கூடத் தந்ததில்லை.

இப்போது அந்த அறைக்குப் பூட்டு. நானாவுக்கு ஓய்வு. நான் சிலாபத்தில் பழையபடி தனியாக.

போன மாதம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து தாதி ஒருத்தி அழைத்தாள். நானாவை வார்ட்டில் சேர்த்திருக்கிறார்களாம். வயிற்றுவலியாம். இம்முறை மெய். பார்க்க யாரும் வரவில்லை, கணினியில் இந்த இலக்கம்தான் இருக்கிறது என்றாள்.

"நீங்க அவருக்கு யாரு?"

"மகள்" என்றேன்.