நாலாவது வெடி

துணிச்சல்காரர்கள் செய்த கெடுதல்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பயந்தவர்கள் செய்தவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறக்கலாம், எனக்கு அந்தத் தகுதி உண்டு. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் நான். பார்க்கும்போது கைபட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடியும் வருகிறவளும் நானே. (பூட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது வேண்டாம்.)

என்னுடைய ஸ்கூட்டர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. கியர் இல்லாத, கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. என் நாலு வயது மகள் யாழினி அதில் முன்னால் நின்றுகொண்டு ஊரையே மேற்பார்வை பார்ப்பாள். போன வருஷம் ஒருநாள் அது சிக்னலில் நின்றுபோனது. மறுநாள் ரயில்வே கேட்டில். மூன்றாம் நாள் வீட்டு வாசலைவிட்டே நகரவில்லை.

கோச்சடையில் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மூர்த்தி அண்ணன் வண்டியின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பாவை எடுத்துக் காட்டினார்.

"சிடிஐ போயிருச்சு தங்கச்சி. எஞ்சினுக்குள்ள பொறி எப்ப விழணும்னு சொல்ற சாமான் இதுதான். கம்பெனி ஐட்டம் வர பத்து நாளாகும்."

எனக்குப் பத்து நாள் இல்லை. ஆறாம் நாள் சமயநல்லூரில் காதுகுத்து. என் கணவரின் தங்கை கவிதாவின் மகனுக்கு. தாய்மாமன் என் கணவர் சரவணன். அவர் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

இது சாதாரணக் காதுகுத்து இல்லை. கவிதாவின் கணவர் ராஜபாண்டி அண்ணனும் இவரும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல், பத்திரிகையைப் படம் பிடித்துப் போனில் அனுப்பிவிட்டார் ராஜபாண்டி அண்ணன். இவர் போகவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று இவர் பேசவில்லை. நடுவில் கவிதாதான் எனக்குப் போன் செய்து அழுவாள். "மதினி, இவுக ரெண்டு பேருக்கும் நடுவுல நான் செத்துப் பொழைக்கிறேன்." இப்போது காதுகுத்துக்கு ராஜபாண்டி அண்ணன் நேரில் வந்து, தட்டு வைத்து அழைத்துவிட்டுப் போயிருந்தார். இவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்ள மண்டபத்து வாசல்ல நின்னு, 'வாங்க மச்சான்'னு வாயத் தெறந்து கூப்புடணும். கூப்புட்டா உள்ள போவேன். இல்லாட்டி சீர எறக்கி வச்சுட்டுத் திரும்பிருவேன்."

"ஒண்ணும் சொதப்பிராத" என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

யாழினிக்கு வேனில் ஏறினால் வாந்தி வரும். எனவே நான் அவளோடு ஸ்கூட்டரில்தான் போக வேண்டும். எனவே சிடிஐ வேண்டும். மூன்று நாள் நெட்டில் படித்தேன். நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன். (கல்லூரியில் இம்புட்டுப் படித்திருந்தால் தங்கப்பதக்கம் வாங்கியிருப்பேன்.) கடைசியில், இரண்டே நாளில் வந்து சேரும் என்று போட்டிருந்த ஒரு வேறு கம்பெனித் தயாரிப்பை ஆர்டர் செய்தேன். சிவப்பாக வந்தது. மேலே தீப்பிழம்பு படம். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு.

மூர்த்தி அண்ணன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரேஸுக்குப் போறீங்களா தங்கச்சி?"

"காதுகுத்துக்குண்ணே."

அவர் பெருமூச்சு விட்டு மாட்டிக் கொடுத்தார். வண்டி முதல் உதையில் கிளம்பியது. "இந்தத் திருகுதான் டைமிங். முன்னால திருப்புனா பொறி சீக்கிரம் விழும், பின்னால திருப்புனா லேட்டா விழும். நடுவுல சைபர்ல வச்சிருக்கேன். இதத் தொடவே தொடாதீங்க."

தொடவே தொடாதே என்று ஒருவர் சொன்னால், ஏன் சொன்னார் என்று நான் படித்தாக வேண்டும். படித்தேன். பொறி சீக்கிரம் விழுந்தால் எஞ்சின் சூடேறி, பிஸ்டனில் ஓட்டையே விழுந்துவிடுமாம். படம் போட்டிருந்தார்கள். நிஜ ஓட்டை. என் குழந்தை முன்னால் நிற்கிற வண்டி! மூர்த்தி அண்ணன் சைபரில்தான் வைத்தார், சரி. ஆனால் அவர் கண் சரியாகப் பார்த்திருக்குமா? ஒரு மயிரிழை முன்னால் போயிருந்தால்? சீக்கிரம் ஆபத்து என்றால், தாமதம்தானே பாதுகாப்பு? திருகை ஒரு கோடு பின்னால் தள்ளினேன். தெருவில் ஒரு சுற்று வந்தேன். நன்றாகத்தான் ஓடியது.

காதுகுத்து அன்று காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு கோடு தள்ளினேன்.

பொறி மிகவும் தாமதமாக விழுந்தால் என்ன ஆகும் என்பது அதே பக்கத்தின் கீழே இருந்தது. நான் அதுவரை படிக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குள் முழுதாக எரியாமல், மிச்சம் சைலன்ஸருக்குள் போய் எரியும். அங்கே எரிந்தால் சத்தம் போடும்.

இவரும் சொந்தக்காரர்களும் சீர்த் தட்டுகளோடு குட்டியானை வேனில் கிளம்பி, பழம் ஏற்றச் சிம்மக்கல்லுக்குப் போனார்கள். நான் தங்கக் கம்மலைக் கைப்பையில் வைத்து, இருக்கிறதா என்று நாலு முறை பார்த்து, வீட்டைப் பூட்டி, திறந்து, பூட்டிக் கிளம்பினேன். வண்டி ஏனோ சோம்பலாக ஓடியது. பாலம் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் ஒரு வேகத்தடை வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டேன்.

டமார்!

டீக்கடையில் ஒருவர் கையிலிருந்த கிளாஸ் கீழே போனது. இரண்டு ஆடுகள் கடைக்குள் போயின. யாழினி கை தட்டினாள். "அம்மா, இன்னொருக்கா!"

ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் வெடித்தது. பரவை தாண்டும்போது, சைக்கிளை நிறுத்தி ஒரு பெரியவர் கேட்டார், "யாரு வீட்டுக் கேதம்மா? எந்நேரம் எடுக்குறாக?" எங்கள் பக்கம் இறுதி ஊர்வலத்துக்கும் வெடி போடுவார்கள். நல்ல காரியத்துக்குப் போகும் வழியில் கேட்க வேண்டிய கேள்வியா இது? இனி ஆக்ஸிலேட்டரை விடவே கூடாது என்று இறுக்கி முறுக்கினேன். வண்டி பாய்ந்தது, பயந்து விட்டுவிட்டேன். அதனால் இன்னும் வெடித்தது.

அந்த மண்டபம் ரோட்டிலிருந்து இறங்கும் சரிவான சந்தில் இருந்தது. தாய்மாமன் சீர் சந்துமுனைக்கு வந்ததும் மூன்று வெடி போடுவார்கள். சத்தம் கேட்டதும் கொட்டுச் செட்டு அடிக்கும், ஆரத்தியோடு வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். சரிவில் இறங்கும்போது யாராவது ஆக்ஸிலேட்டரைக் கொடுப்பார்களா? விட்டேன்.

டமார். டமார். டமார்.

மண்டபத்துக்குள் கொட்டு அதிர ஆரம்பித்தது.

பிரேக் பிடித்து வாசலில் நிற்பதற்குள் ஆரத்தித் தட்டு என் ஹெல்மெட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சைலன்ஸர் கக்கிய புகையில் யாருக்கும் யாரும் தெரியவில்லை. எனக்கு முன்னால், பட்டு வேட்டி கட்டி, கண்ணை மூடி, கும்பிட்டபடி குனிந்து நின்றார் ராஜபாண்டி அண்ணன். பாவம், எத்தனை நாள் மனப்பாடம் செய்தாரோ, தடங்கலே இல்லாமல் வந்தது.

"வாங்க மச்சான். நான் செஞ்சது தப்புதான். நேர்ல வந்து கூப்புட்டிருக்கணும், கூப்புடல. ரெண்டு வருசமா மனசே சரியில்ல. நீங்க இல்லாம எம் மகனுக்கு ஒரு நல்லதும் இல்ல மச்சான்."

கொட்டு நின்றது. புகைக்குக் கண்ணில் நீர் வழிய, நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன்.

"அண்ணே... நான்தாண்ணே."

அவர் கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். "மதினி! எங்க அண்ணனுக்கு வச்சிருந்ததெல்லாம் நீங்க வாங்கிட்டீங்களே!"

"எம்புட்டு கஷ்டப்பட்டு வாயத் தெறந்தேன்" என்று முனகிக்கொண்டே ராஜபாண்டி அண்ணன் உள்ளே போனார். "மறுபடியும் இதெல்லாம் நமக்கு வராது தாயி."

நான் வண்டியை மண்டபத்துச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய் மூர்த்தி அண்ணனுக்குப் போன் செய்தேன். திருகைத் தொட்டதைச் சொன்னேன்.

"மூணு கோடா?"

"மூணு கோடுண்ணே."

"மூடியக் கழட்டுங்க. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? இல்லையா? அப்ப ஒரு அம்பது காசு, சாவி, எதையாச்சும் வச்சு மெதுவா நடுவுக்குக் கொண்டாங்க. ஸ்டார்ட் பண்ணி முறுக்கி விட்டுப் பாருங்க."

சாவியால் திருகுவேன், ஸ்டார்ட் செய்வேன், முறுக்கி விடுவேன். டமார். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் சந்தேகம் வரும், மாற்றித் திருப்புவேன். டமார், டமார். முதல் சத்தத்துக்குக் கொட்டுக்காரர்கள் நான்கு பேரும் எழுந்து ஓடி வந்தார்கள். இரண்டாவதுக்கு எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களின் தலைவர் கொட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, "அது அந்த அக்கா வண்டி, சும்மா கெடங்கடா" என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சந்துமுனையில் மூன்று வெடி வெடித்தது. நிஜ வெடி.

யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கே அது என் வண்டியோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம், சைலன்ஸரைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், முனையில் குட்டியானை. அதற்கு முன்னால் தட்டுகள் ஏந்திய பத்து பெண்கள். அவர்களுக்கு முன்னால் மாலையும் கையுமாக என் கணவர். இந்தப் பக்கம் வாசலில் ஒரு நாய்கூட இல்லை.

சந்து நீளத்துக்கும் ஓடினேன்.

"என்னங்க, ஒரு சின்னத் தப்பாயிருச்சு..."

"வாசல்ல ஒருத்தன் இல்ல பாத்தியா?" இவர் குரல் தாழ்ந்திருந்தது. கத்தினால் கூடப் பரவாயில்லை, தாழ்ந்தால்தான் பயம். "கொட்டுக்கூட அடிக்கல. வேணும்னே செய்றாப்ல. வண்டியத் திருப்பச் சொல்லு."

"இல்லங்க, அவுக நெனச்சுக்கிட்டாங்க, என் வண்டி... திருகு... மூணு கோடு..."

பதற்றத்தில் என் வாயில் எதுவும் கோவையாக வரவில்லை. டிரைவர் ரிவர்ஸ் போட்டார். தட்டு ஏந்திய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்போது திரும்பினால், இந்த இரண்டு வருஷம் இருபதாகும் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் முடியும். திரும்பி ஓடி, மூடி கழன்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, சந்து முழுக்க ஏற்றி வந்து, இவர் காலடியில் ஆக்ஸிலேட்டரை விட்டேன்.

டமார்! டமார்! டமார்!

பழத்தட்டு ஒன்று சரிந்து ஆரஞ்சுகள் சரிவில் உருண்டன. மண்டபத்துக்குள்ளிருந்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சட்டை இல்லாமல், கையில் சாம்பார்க் கரண்டியோடு ராஜபாண்டி அண்ணன் வெளியே வந்து கத்தினார்.

"தங்கச்சி! ஒனக்குப் புண்ணியமாப் போகும், அந்த வண்டிய அணைச்சுத் தொல..."

வாக்கியம் பாதியில் நின்றது. மேலே மச்சான். கீழே மாப்பிள்ளை. நடுவில் உருண்டு வரும் ஆரஞ்சு.

யாழினிதான் பேசினாள். மண்டபத்து வாசலில் நின்றபடி, ஊருக்கே கேட்கிற குரலில். "அப்பா! மாமா அம்மாகிட்ட சாரி கேட்டாரு! அம்மா அழுதாங்க!"

இவர் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னாப்ல?"

நான் தூது சொல்கிறவளைப் போல நிமிர்ந்து நின்று, ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். தப்புதான் என்றது, கூப்பிடல என்றது, ரெண்டு வருசமா மனசே சரியில்ல என்றது. ஒவ்வொன்றுக்கும் கீழே ராஜபாண்டி அண்ணன் கரண்டியோடு தலையை ஆட்டி ஆமோதித்தார். "எம் மகனுக்கு ஒரு நல்லதும் இல்ல மச்சான்" என்று சொல்லி முடித்தேன்.

"இம்புட்டும் ஒங்கிட்டயா சொன்னாப்ல?"

"ஹெல்மெட்டுகிட்ட."

இவர் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து ஓர் ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டு, சரிவில் தானே நடக்க ஆரம்பித்தார். ராஜபாண்டி அண்ணன் பாதி வழிக்கு ஏறி வந்தார். யாரும் யாரையும் "வாங்க" என்று சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் இவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி, "அந்த வண்டியில என்னத்த மச்சான் மாட்டிவிட்டீங்க?" என்பதுதான். அப்போதுதான் விஷயம் புரிந்த கொட்டுக்காரர்கள் துள்ளி எழுந்து, விட்டதற்கும் சேர்த்து அடித்தார்கள். நல்ல நேரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போதே, மாமன் மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. பையன் வீறிட்டான். அது ஒன்றுதான் அன்றைக்கு முறைப்படி நடந்தது.

பத்தாம் நாள் கம்பெனி சிடிஐ வந்தது. மாட்டிய கையோடு மூர்த்தி அண்ணன் மூடியின் மேல் டேப் ஒட்டிவிட்டார்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் அதன் பிறகு எந்த விசேஷத்துக்குச் சீர் வந்தாலும், மூன்று வெடிக்குக் கொட்டுக்காரர்கள் கொட்டில் கை வைப்பதில்லை. ராஜபாண்டி அண்ணனின் உத்தரவு. மூன்று போட்டுவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, தனியாக ஒன்று போட வேண்டும். இது ஸ்கூட்டர் இல்லை, ஆள்தான் என்பதற்கு.

போன மாதம் ஒரு வளைகாப்பில், எங்கள் குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி அதை எண்ணிவிட்டு, பக்கத்திலிருந்த என் பெரிய மாமியாரிடம் கேட்டாள்.

"அத்தை, எல்லா இடத்திலயும் மூணுதான போடுவாக, இங்க என்ன நாலு?"

"அது அப்படித்தாம்மா" என்றார் அவர், என்னைத் திரும்பியும் பார்க்காமல். "எங்க வகையறாவுக்கு நாலு. ஆதியிலேருந்தே."