ஐந்தாம் நம்பரில் தூங்கிய இன்ஜினியர்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். எவ்வளவு சுகம் என்பது கடிதத்தை முழுக்கப் படித்தால் உனக்கே விளங்கும். நீயும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் எழுதியிருப்பாய்.

முதலில், இந்த வீட்டை அளக்க வந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு எவனாவது "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசற்படியில் என் மகன், வாயைத் திறக்காமல். பக்கத்தில் மருமகள், அவனுக்கும் சேர்த்துப் பேச. கூடத்தில் பழைய வரவேற்பு மேசைக்கு முன்னால் என் மாப்பிள்ளை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அதே மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இந்த இடத்தில் குடோன் கட்டத் துடிக்கும் வியாபாரி. அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தும் ஒளியாமலும் ஒரு இன்ஜினியர். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இலாகாவிலிருந்து ஒரு அம்மாள், கையில் அளவு நாடாவோடு. அப்புறம் நான்.

இந்த வீடு பயணிகள் தங்கிப்போகும் விடுதியாக நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது என்பது உனக்குத் தெரியும். புது ரோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போனதும் ஆள்வரத்து நின்றது, முதலாளி விடுதியை மூடினார், அங்கே மேனேஜராக இருந்த உன் அத்தான் கட்டடத்தை வாங்கினார், நாங்கள் குடிவந்தோம். எட்டு அறைக் கதவிலும் பித்தளை நம்பர் இன்றைக்கும் இருக்கிறது. நான் பிள்ளை பெற்றது இரண்டாம் நம்பரில், மாமியார் கண்ணை மூடியது ஆறாம் நம்பரில். இப்படிப்பட்ட வீட்டைப் பார்த்து மாப்பிள்ளை, "அத்தை, நீங்க மூணு பேர் இருக்க எட்டு ரூம் எதுக்கு? இடிச்சுட்டா குடோனுக்கு ஆள் ரெடியா இருக்கு" என்றார். "என்னை நாலு பேர் தூக்கிட்டுப் போனாத்தான் நான் இந்த வாசலைத் தாண்டுவேன்" என்றேன். அவர் அந்த நாலு பேரைத் தேடாமல் இன்ஜினியரைத் தேடிப் பிடித்துவிட்டார். கட்டடம் எப்போது வேண்டுமானாலும் விழும் என்று அந்த ஆள் சர்டிபிகேட் கொடுத்தார். என் மகனும், "படிச்சவர் சொல்றாரேம்மா" என்று குழைந்தான். நான் என் நாலாம் வகுப்பு எழுத்தில் இலாகாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். அதைப் படித்துவிட்டுத்தான் அந்த அம்மாள் வந்தாள்.

மேலும் கீழும் அளந்து முடித்துவிட்டு, "பாட்டி, பழசா இருந்தா மட்டும் போதாது. விடுதிதான்னு ஆதாரம் வேணும். அதுக்கு மேல, விழப்போகுதுன்னு இவர் வேற எழுதிக் குடுத்திருக்காரு" என்றாள். உடனே மாப்பிள்ளை, "கதவுல நம்பர் இருந்தா விடுதியா மேடம்? எங்க வீட்டு நாய் கழுத்துலகூடத்தான் நம்பர் இருக்கு" என்றார். குடோன்காரர் சிரித்தார். மருமகளும் சிரித்தாள், அதை நான் மறக்கவில்லை.

நான் மேசைக்கு அடியிலிருந்து மூன்று பெரிய நோட்டுகளை எடுத்து வைத்தேன். தங்கினவர்கள் பேர், வந்த நாள், போன நாள், அபிப்பிராயம் எல்லாம் எழுதுகிற விடுதி நோட்டு. விடுதி மூடினபோது பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது, வீணாக்க மனசில்லை. அதனால் அன்றிலிருந்து இன்றுவரை, சொந்தக்காரனாக இருந்தாலும் ஒரு ராத்திரி தங்கினால் அதில் எழுதாமல் பெட்டியைக் கையில் கொடுக்கமாட்டேன். நீகூட "தலையணையில் கல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் என்னைக் கேலி செய்த நோட்டுதான். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "விடாம எழுத வெச்சிருக்கீங்களே பாட்டி, எதுக்கு?" என்றாள். "யார் எத்தனை நாள் உட்கார்ந்து தின்னாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றேன்.

பிறகு, "மூணாவது நோட்டுல கடைசிக்கு முந்தின பக்கம், மேல இருந்து நாலாவது. சத்தமாப் படிம்மா" என்றேன். இன்ஜினியர் ஓரடி முன்னால் வந்து, "மேடம், அது சும்மா..." என்றார். என்ன சும்மா? கட்டடத்தைப் பார்க்க வந்தவர் மழையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் ஐந்தாம் நம்பரில் குறட்டை விட்டது சும்மாவா? அவள் படித்தாள்: "இரண்டு நாள் விடாத மழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுவர் இரும்பு. இந்தக் காலத்தில் இப்படி யார் கட்டுகிறார்கள்? இன்னும் நூறு வருஷம் அசையாது. சாப்பாடு பிரமாதம்." கீழே கையெழுத்து, பக்கத்தில் ஆபீஸ் முத்திரை. முத்திரையை நான் கேட்கவில்லை தம்பி, வயிறு நிறைந்த சந்தோஷத்தில் அவராகக் குத்தியது.

"ஏன் சார், நீங்க சர்டிபிகேட் குடுத்தது இதுக்கு மூணு நாள் கழிச்சு. அதுக்குள்ள இரும்பு மண்ணாயிடுச்சா?" என்றாள் அந்த அம்மாள்.

"அது தங்கினவனா எழுதினது மேடம். இது இன்ஜினியரா எழுதினது."

"தங்கினவருக்கு எதுக்குய்யா முத்திரை?" என்று நான் கேட்டேன். என் மகன் சிரித்தான் பார், கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டிக்கு முன்னால் அவன் வாய் திறந்தது அன்றைக்குத்தான். குடோன்காரர் முழங்கையை மெள்ள எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். மாப்பிள்ளை சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மடிப்பெல்லாம் போச்சு.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. இனி ஒரு செங்கல்லை எவனும் தொட முடியாது. வாசலில் பலகை அடித்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதன்முன் நின்று, எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி ஒருமுறை படிக்கிறேன். சாப்பாடு பிரமாதம் என்று எழுதினவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா, இன்ஜினியரை மன்னித்துவிட்டேன். மகள் முகத்துக்காக மாப்பிள்ளையையும் மன்னித்தாயிற்று.

பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும், உனக்குப் பதில் எழுதுகிற புத்தியும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மருமகள் உத்தரவின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினாள், வாயெல்லாம் பல்லாக. கட்டடத்தை முதலில் பழையபடி சீர்செய்யப் போகிறார்களாம். பத்து மாதம் ஆகுமாம். அதுவரை உள்ளே யாரும் குடியிருக்கக் கூடாதாம், நான்கூட. அவளும் மகனும் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். நான் வெள்ளிக்கிழமை நாலு பெட்டியோடு உன் வீட்டுக்கு வருகிறேன், முன்னறையைக் காலிசெய்து வை. பழைய விடுதிச் சாமான் பட்டியலோடு ஒத்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்றாம் நம்பரின் நிலைக்கண்ணாடியை மட்டும் காணோம் என்று இலாகாவில் எழுதியிருக்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதைப் போர்வையில் சுற்றி, "அண்ணி குடுத்தாங்க" என்று வண்டியில் ஏற்றினதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கட்டை வேகும்வரை நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். உன் பெண்டாட்டி.