தாவாங்கட்டை அண்ணாச்சி

தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில், தாவாங்கட்டை அண்ணாச்சியின் கை படாத முகமே கிடையாது. பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கும் முன்னே தாவாங்கட்டையைத் தடவிப் பார்த்துவிடுவார். கோயில் மாரியம்மாவைத்தான் விட்டுவைத்தார். அதுவும் பூசாரி நடையைச் சாத்தியதால். அம்மா மன்னிக்கட்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் அட்டெண்டராக இருந்தவர். விரிசல் விட்டதென்று அங்கே கழித்த பிளாஸ்டர் மண்டையோடுகள் இரண்டை வீட்டில் வைத்திருந்தார். ஒன்று நம்மைப் போன்ற மனுசன். மற்றது எப்போதோ அற்றுப்போன நியாண்டர்தால் மனுசன்.

“பாருடே, மூளைக்கு இடம் அவனுக்கும் கொறையில்ல. புருவ எலும்பு கனமா முன்னால நிக்கி. தாவாங்கட்டைதான் கெடையாது. முன்னால தள்ளுற அந்த முட்டு நமக்கு மட்டுந்தான்.”

“ரெண்டுல யாரு நல்லவன் அண்ணாச்சி?”

“அது எலும்புல தெரியாதுடே.”

என் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டார். “புருவம் பழைய ஆளு, தாவாங்கட்டை நம்ம ஆளு. தாராளமா குடுக்கலாம்.” வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் ஜீப் ஏறினார்கள்.

அவருக்கே புருவம் தடித்துத்தான் இருக்கும். தாடியோ நெஞ்சு வரை. “உள்ள தாவாங்கட்டை இருக்கா, இல்ல நீரே அந்தப் பழைய ஆளா?” என்று கேலி செய்வோம். எழுந்து உள்ளே போய்விடுவார்.

என் வீட்டுக்காரி போன மறுநாள், சுடுகாட்டில் பால் தெளித்து எலும்பு பொறுக்க என் கை வரவில்லை. அவர்தான் பக்கத்தில் குந்தினார். “காலுல இருந்து தலைக்குப் போகணும். இது கணுக்கால். மெல்ல எடுடே, தங்கச்சிக்கு நோவும்.” அன்று யாரோடும் யாரையும் ஒப்பிடவில்லை. திரும்பும்போது கேட்டார்.

“எனக்குன்னு யாருமில்ல. நான் போனா பொறுக்க வருவியாடே?”

“மாரியம்மா சத்தியமா வாரேன் அண்ணாச்சி.”

போன ஆடி மழையில் போய்விட்டார். மறுநாள் சுடுகாட்டுத் தகரக் கொட்டகையின் ஓட்டைகளில் தண்ணீர் கொட்டியது. வெட்டியான் அவசரப்படுத்தினார்.

“ஒரு கை அள்ளிப் போடும்யா. யாரு பாக்கப் போறா?”

எனக்கு மனசு கேட்கவில்லை. காலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில், சாம்பலுக்குள் கீழ்த்தாடைத் துண்டு ஒன்று. நடுவில் நல்ல முட்டாக, முன்னால் தள்ளிய தாவாங்கட்டை.

யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. பாலைத் தெளித்துத் துடைத்து, பானையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

எங்கள் எல்லார் தாவாங்கட்டையையும் தொட்ட மனுசன். அவருடையதை ஒருத்தர் தொட்டது அன்றைக்குத்தான்.