தங்களுக்கு ஒன்றும் தெரியாது எனத் தீர்மானமானது குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் என் இடது காலும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமே என்று என் மனைவி அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. தங்கள் நடைப்பயிற்சி தடையில்லாமல் நடந்துவரும் என்று நம்புகிறேன். நிற்க. தாங்கள் நிற்க வேண்டாம். இதை உட்கார்ந்தே படிக்கவும்.

மாப்பிள்ளை கொஞ்ச நாளாகத் தங்களுக்குப் போன் செய்வதில்லை என்றும், செய்தாலும் "சாப்டீங்களாப்பா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை என்றும் சம்பந்தியம்மா வருத்தப்பட்டதாக அறிந்தேன். அவருக்குத் தங்கள்மேல் கோபம் எதுவுமில்லை. கூச்சம்தான். காப்புரிமை அலுவலகத்தில் நடந்ததைத் தங்களிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறார். என் மகளைச் சொல்லச் சொன்னார். அவள் "உங்க அப்பா, நீங்களே சொல்லிக்கோங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள். வக்கீலைக் கேட்டார், கட்சிக்காரரின் தகப்பனாரைச் சமாதானப்படுத்துவது தன் தொழிலில் சேராது என்று அவரும் கழன்றுகொண்டார். நானோ குடிநீர்த் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம், தண்ணீர் வராத தெருக்காரர்களுக்கு அது ஏன் வரவில்லை என்று மரியாதையாகக் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவன். ஆகவே இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலில் கருவி. அதைப் பற்றித் தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று தாங்கள் நினைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது. எனவே பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை நோய்க்காரர்களின் பாதத்தில் புண் வருவதற்கு முன்பே, வரப்போகிற இடத்தை அது காட்டிவிடும். ஏழு விதமான வெளிச்சத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பாதத்தின்மேல் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்து, படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ரத்தம் சரியாக ஓடாத இடம் கறுப்பாகத் தெரியும். இந்த வகைக் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில் பீரோ அளவில் முன்பே இருக்கிறது. என் மகள் வேலை பார்ப்பது கால்புண் வார்டில். நடக்க முடியாதவர்களைப் பீரோவிடம் தூக்கிக்கொண்டு போவதைவிட, கருவி அவர்களிடம் போனால் என்ன என்று அவள் கேட்டாள். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு அதைச் செய்ய உட்கார்ந்தார். கையில் பிடித்து எடுத்தால் கை ஆடுகிறது, படங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரே பச்சை வெளிச்சத்தைத் திரும்பத் திரும்ப மின்னவிட்டு, கை எவ்வளவு நகர்ந்தது என்று கருவியையே கணக்குப் போட வைப்பது. புதுமை என்பது அந்தப் பச்சைதான். காப்புரிமை கிடைத்தால் தயாரித்துத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. கிடைக்காவிட்டால் அந்தக் கருவி எங்கள் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடும்.

விசாரணை அன்று என்னையும் அழைத்துப் போனார்கள். எனக்கும் சர்க்கரை நோய் உண்டு என்பதால், என்னை என்பதைவிட என் இடது காலை என்று சொல்வதே பொருந்தும். அலுவலகத்தில் எங்களுக்கு ஒதுக்கிய அறையில் ஒரு நீள மேசை, ஒரு தண்ணீர் ஜாடி, பாதியில் சிக்கிக்கொண்ட ஜன்னல் திரை, இவ்வளவுதான் இருந்தன. ஆய்வு அதிகாரி ஒரு அம்மாள். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். செய்தி வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாத குரல். முதல் ஆட்சேபணையாக, விண்ணப்பத்தில் "கையடக்க" என்று எழுதியிருக்கிறதே, அது யாருடைய கை என்று கேட்டார். எங்கள் வக்கீல் ஒல்லியான மனிதர். எந்தக் கேள்விக்கும் "ஆகையினால்" என்றுதான் ஆரம்பிப்பார். ஆகையினால் அம்மையார் தங்கள் கையாலேயே பிடித்துப் பார்க்கலாம் என்றார். நான் காலுறையைக் கழற்றி, ஒரு நாற்காலியில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பாதத்தை வைத்தேன். காலுறையில் கட்டைவிரலுக்கு நேரே ஓட்டை இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அதிகாரி ஒரு கையால் கருவியைப் பிடித்தார். கை நன்றாகவே ஆடியது. இருந்தும் திரையில் படம் தெளிவாக விழுந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. என் பாதத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் இல்லையே" என்றார்.

"இன்னும் வரல மேடம். வரப்போகுது" என்றாள் என் மகள்.

எனக்கே அப்போதுதான் தெரியும். அரசாங்கத்துக்குச் சொல்லப்பட்ட பிறகுதான் தகப்பனுக்குச் சொல்லப்பட்டது. இப்போது அகலமான செருப்புக்கு மாறிவிட்டேன், புள்ளி மறைந்துவிட்டது. அது இங்கே முக்கியமில்லை.

இதுவரை எல்லாம் நமக்குச் சாதகமாகவே போயிற்று. கை பற்றிய ஆட்சேபணை நீங்கியது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு கோப்பிலிருந்து வழவழவென்ற தாளில் வண்ணத்தில் அச்சிட்ட இரண்டு பக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். தங்கள் நடைப்பயிற்சிக் கழகத்தின் மாத இதழ். விண்ணப்பம் போடுவதற்குச் சில மாதங்கள் முன்னால் வந்தது. கழகச் செயலாளர் சுறுசுறுப்பானவர் போலும், அதை இணையத்திலும் ஏற்றிவைத்திருக்கிறார். "தோலுக்குள் பார்க்கும் என் மகன்" என்ற தலைப்பில் தாங்கள் அளித்த பேட்டி. படத்தில் தாங்கள் விளையாட்டுச் சட்டையில் மிகவும் எடுப்பாக இருக்கிறீர்கள்.

சட்டம் என்னவென்றால், விண்ணப்பம் போடும் முன்பே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதுமை அல்ல. சொன்னது சொந்தத் தகப்பனாராக இருந்தாலும் அப்படித்தான். பேட்டியின் முதல் வரியிலேயே "என் மகன் கருவியில் ஏழு விளக்குகள் இருக்கின்றன" என்று சொல்லியிருக்கிறீர்கள். விண்ணப்பத்திலும் ஏழுதான்.  மாப்பிள்ளை தண்ணீர் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனால் வக்கீல் கலங்கவில்லை. ஆகையினால் மீதியையும் வாசிக்கலாம் என்றார். அந்தப் பேட்டியைப் படித்து ஒருவர் இந்தக் கருவியைச் செய்ய முடிந்தால்தான் அது குறுக்கே நிற்கும், முடியாவிட்டால் நிற்காது என்பது அவர் வாதம்.

அதிகாரி வாசித்தார். ஏழு விளக்கும் ஒரே சமயத்தில் எரியும் என்று சொல்லியிருக்கிறீர்கள், எரியாது. உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது, ரத்தத்திலுள்ள இரும்பை அது இழுத்துப் பார்க்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள், காந்தமே கிடையாது. கை ஆடாமலிருக்கப் படம் எடுப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். தேவையில்லை, அதிகாரி அம்மாளே தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் எடுத்தார். கடையில் பழத்தின்மேல் பிடித்தால் இனிப்பா புளிப்பா என்று சொல்லிவிடுமாம், பொய் சொல்பவரின் காது வேறு நிறத்தில் தெரியுமாம். இவையெல்லாம் அதே செய்தி வாசிக்கும் குரலில் வாசிக்கப்பட்டன. வக்கீல் ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் இவ்வளவு தவறாகச் சொன்னதைக் கேட்டு இன்னொரு மனிதர் இவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அங்கேதான் மாப்பிள்ளை குறுக்கே புகுந்தார். தகப்பனாரை யாரோ ஒருத்தர் வரிக்கு வரி தப்பு தப்பு என்று சொல்ல, அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அப்பா சரியாத்தான் சொல்லியிருப்பார் மேடம். எழுதினவங்க மாத்தி எழுதியிருக்கலாம்" என்றார். அவரை அடக்குவதற்காக வக்கீல் மேசைக்கடியில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அது இன்னும் காலுறை போடாத என் காலில் விழுந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். குரல் முதல் தடவையாக இறங்கியது.

"தம்பி, யோசிச்சுச் சொல்லுங்க. உங்க அப்பா சரியாச் சொல்லியிருந்தா, விஷயம் அன்னைக்கே வெளிய போயாச்சு. விண்ணப்பம் நிக்காது. அவருக்கே தெரியாதுன்னா நிக்கும். எது?"

சம்பந்தி அவர்களே, தங்கள் மகன் அப்போது இருந்த இருப்பைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். தங்கள் மானத்தைக் காப்பாற்றினால் இத்தனை வருஷ உழைப்பு போய்விடும். உழைப்பைக் காப்பாற்றினால் தங்கள் மானம் அரசாங்கப் பதிவில் ஏறிவிடும். என் மகள் தான் சொல்வதாக வாயெடுத்தாள். அப்பாவிடம் பேசியவர்தான் சொல்ல வேண்டும் என்று அதிகாரி தடுத்துவிட்டார். மாப்பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் ஊற்றி அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். கடைசியில் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்க அப்பாவுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது மேடம்."

அதிகாரி தட்டச்சு செய்தார். 'ஒன்றும்' என்பதற்குப் பதில் 'போதுமான அளவு' என்று போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். அப்படிப் போட்டால் கொஞ்சம் தெரியும் என்று ஆகிவிடும், ஆகையினால் வேண்டாம் என்றார் வக்கீல். மாப்பிள்ளை, "அவர் கேக்கறப்பல்லாம் 'அப்புறம் சொல்றேன்பா'ன்னே சொல்லிட்டேன். ஒரு தடவைகூட உக்காந்து சொல்லல. அதனாலதான் அவருக்குத் தெரியல" என்றார்.

அதிகாரி விரல்களை எடுத்துக்கொண்டார். "இத எழுத வேண்டாம்" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். எழுதவும் இல்லை.

ஆணை வந்துவிட்டது. காப்புரிமை கிடைத்துவிட்டது. கம்பெனிக்காரர்களும் வந்து கருவியின் அளவெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் ஆணையில் ஒரு பத்தி இருக்கிறது. "மேற்படி பேட்டியை அளித்தவர், விண்ணப்பதாரரின் தகப்பனார் எனினும், கருவி இயங்கும் விதம் குறித்து எதுவும் அறிந்திருந்தார் என்று கொள்வதற்கு இடமில்லை" என்று அதில் கண்டிருக்கிறது. இது யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து படிக்கக்கூடிய ஆவணம். தாங்கள் இதை மூன்றாம் மனிதர் வாயால் கேட்டு மனம் வருந்தக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதினேன். நானும் குடும்பஸ்தன். பெண்ணைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ நாலு பேர் நடுவில் பேசக் கிடைத்தால் எனக்கும் நாக்கு நிற்பதில்லை. என்னிடம் யாரும் பேட்டி கேட்கவில்லை, அவ்வளவே வித்தியாசம். தாங்கள் செய்யவேண்டியது இரண்டுதான். இனி அந்த இதழுக்குப் பேட்டி கொடுக்காதீர்கள். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டு, கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். இந்தத் தடவை அவர் அப்புறம் என்று சொல்லமாட்டார்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். சிறியவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். பெரியவர்களாகிய நாமும் அவர்களுக்குப் பாரமில்லாமல், முடிந்தவரை வாய் திறக்காமல், நீண்ட நாள் இருப்போமாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் போனில் தாங்கள். ஆணை வெளியான அன்றே தாங்கள் அதைப் படித்துவிட்டீர்களாம். அந்தப் பத்தியைப் பிரதி எடுத்துக் கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் கொடுத்தாயிற்றாம். அரசாங்க ஆணையில் இடம்பெற்ற ஒரே உறுப்பினர் என்று தங்களுக்குப் பாராட்டுக் கூட்டமும் நடந்து முடிந்து, அதைப் பற்றிய பேட்டி அடுத்த இதழில் வருகிறதாம். "நான் சரியாச் சொல்லியிருந்தா உனக்குக் கெடச்சிருக்குமாடா?" என்று தாங்கள் கேட்டது பக்கத்து அறைவரை கேட்டது. இதை உடனே வக்கீலிடம் போனில் சொன்னேன். ஆகையினால் என்று ஆரம்பித்தார், மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. தபால்தலை ஒட்டியாகிவிட்டபடியால் கடிதத்தை அனுப்பிவைக்கிறேன். உறைமேல் எழுதிய விலாசத்தைத் தவிர மற்றதைத் தள்ளிவிடவும்.